சேமித்து வைத்த ஆட்டம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு அதிகமாக எழுதியது அரிசி மூட்டைகளின் மேல்தான், பிரஷ்ஷை நீலச் சாயத்தில் தொட்டு. அந்தப் பழக்கத்தால் பேனா பிடித்தாலும் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றும் தடுமாறுகிறேன். என் தங்கை பத்தாவது வரை படித்தவள். அவளிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதில் அவளும் வருவதால் சில இடங்களை அடித்துவிடக்கூடும். அடித்தால் அடிக்கட்டும்.

நான் எழுத வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. தலை நரைத்தவன் விளையாட்டைப் பற்றி எழுதுகிறான் என்று சிரிப்பு வரலாம். ஆனால் எனக்கு இருந்த ஒரே சினேகிதம் அதற்குள்தான் நடந்தது. அதனால் விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது ராஜா காலத்து விளையாட்டு. ஆரம்பத்தில் ஒரு சின்ன ஊரையும் நாலைந்து குடியானவர்களையும் நம் கையில் கொடுப்பார்கள். அவர்களை ஏவி மரம் வெட்டி, கல் உடைத்து, பயிர் வைத்து, மதில் கட்டி, படை சேர்க்க வேண்டும். கடைசியில் எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். எதிராளி இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் மனிதன். நம் ஆட்கள் நிற்கிற இடத்தில் நடப்பது மட்டும்தான் நமக்குத் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அவன் ஊருக்குள் என்ன செய்கிறான் என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பழைய விளையாட்டு. அது வந்தபோது பிறந்த குழந்தைகளுக்கு இப்போது கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஷட்டரைத் தூக்குவது, பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. மெஷின்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவன் இருந்தான், அவன்தான் நான் சொன்ன சினேகிதன். இருவருக்கும் ஒரே வயது. சேர்ந்த வாரத்திலேயே மச்சான், மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். நான் யாரிடமும் பேசமாட்டேன். பேச வேண்டும் என்று நினைக்கும்போதே காது சூடாகிவிடும். அவனுக்கு அது பிரச்சினையாக இல்லை. என் பங்கையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். கடைக்கு வருபவர்களிடமும் பேசுவான், ஓடாத மெஷினிடமும் பேசுவான்.

கூட்டமில்லாத ஒரு மதியம் என்னை இழுத்து ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்தான். விளையாட்டு ஆரம்பிக்கும் முன் பெயர் கேட்டது.

"பேரு கேக்குது மச்சான். இன்னா போடட்டும்?"

என் பெயரைத் திரையில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ கூப்பிடுகிற மாதிரியே போடு என்றேன். ஆங்கிலத்தில் மச்சான் என்று அடித்தான். பிறகு தன் மெஷினுக்குப் போய்ச் சிரித்தபடி, "அப்ப நானும் நீ கூப்புடுற மாதிரிதான்" என்று அதையே அடித்தான். ஆக, ஆட்டத்தில் இரண்டு மச்சான்கள். அவன் ஊர் சிவப்பு நிறம், என் ஊர் நீலம். நிறத்தை வைத்துத்தான் யார் யார் என்று தெரியும். அந்தப் பெயர்களை நாங்கள் கடைசிவரை மாற்றவில்லை. மாற்றாமல் விட்டதுதான் இதை எழுதும்படி செய்தது.

சில வருடங்களில் அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். தங்கை புருஷனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கண்டித்தார்கள். முயன்று பார்த்தேன். அப்படிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். பின்னால் இருக்கும் யாரையோ தேடுவது போல் நடிப்பான். அவர் என்று மரியாதையாக எழுதவும் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோர் கையிலும் போன் வந்ததும் பிரவுசிங் சென்டருக்கு ஆள் வரவில்லை. முதலாளி கடையை மூடி மெஷின்களைத் தள்ளிவிட்டபோது நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அவன் தங்கையோடு கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை வைத்தான். சாதிச் சான்றிதழ், பட்டா என்று எதற்கு எழுதிப்போட வேண்டுமானாலும் மலை ஜனங்கள் அதுவரை கீழே இறங்க வேண்டியிருந்தது. அதனால் கடை ஓடியது. நான் வடக்கனந்தல் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தைக்கச் சேர்ந்தேன். ஆலையில் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. கல்யாணம் எனக்கு அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அவனும் மதியத்தோடு கடையைச் சாத்திவிடுவான். அவன் மலையில், நான் கீழே. நடுவில் கோமுகி அணையும் காடும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும். இரண்டு மெஷினும் ஒரே அறையில் இருப்பதாக அவற்றை நம்பவைக்கிற ஒரு மென்பொருளை அவன் எங்கிருந்தோ கண்டுபிடித்துப் போட்டான். இன்டர்நெட் போனிலிருந்து வந்தது. மலையில் அவனுக்கு டவர் கிடைக்கிற இடம் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கம்பில் கட்டி, ஜன்னல் வழியே வெளியே நீட்டி, அதற்குள் போனை நிற்கவைப்பான். மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும். காற்று அடித்தாலும் நிற்கும். ஒருமுறை குரங்கு வந்ததாலும் நின்றது.

பழைய விளையாட்டு, புது விண்டோஸ். அதனால் வாரத்துக்கு ஒரு கோளாறு. ஒருநாள் திறந்தால் புல் சிவப்பாகவும் ஆறு ஊதாவாகவும் இருந்தது. பயந்துபோய் அவனுக்கு போன் செய்தேன். "ஊருக்கே நோவு வந்துட்ச்சி மச்சான், நில்லு" என்றான். விளையாட்டுக்குப் பின்னால் ஓடுகிற விண்டோஸ் திரையை நிறுத்திவிட்டுத் திறக்கச் சொன்னான். புல் பச்சையாகிவிட்டது. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கோளாறு எதுவானாலும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். எனக்கு எழுத்துக்கள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அதை அப்படியே பார்த்து வரைந்துகொள்வேன். பிறகு போனில் ஒவ்வொரு எழுத்தாக அவனுக்குச் சொல்வேன். அவன் பாதியிலேயே, "போதும் மச்சான், புரிஞ்சிது" என்பான். சில நேரம் வேண்டுமென்றே கடைசி எழுத்துவரை சொல்லவிட்டு, பிறகு, "இது ஒண்ணும் இல்ல, ஓகே அமுக்கு" என்று சிரிப்பான்.

எல்லாவற்றிலும் கெட்ட கோளாறு ஒன்று இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் நின்று, இருவரையும் வெளியே தள்ளிவிடும். அதற்கு அவன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் இரண்டு மெஷினிலும் இரண்டு ஆட்டம் தனித்தனியாக ஓடுகிறது. நாம் சொல்கிற உத்தரவு மட்டும்தான் அங்கும் இங்கும் போய்வருகிறது. இரண்டு பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போடுவது போல. ஒரே ஒரு மரம் இங்கே வெட்டப்பட்டு அங்கே நின்றுகொண்டிருந்தாலும் விடை தப்பிவிடும். தப்பியது தெரிந்த உடனே அது நிறுத்திக்கொள்ளும். அப்போதெல்லாம் அவன் தன்னிடமிருந்த விளையாட்டின் கோப்புகளை மொத்தமாக எனக்கு அனுப்பி, இரண்டையும் ஒன்றாக்குவான். பிறகு சில வாரங்கள் தொந்தரவு இருக்காது.

அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனான். ஊசி ஏற்றுகிற கை வீங்கியிருக்கும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற கையால் மட்டும் ஆடுவான். அதனால் மெதுவாகிவிட்டான். நான் ஏதாவது செய்துவிட்டுக் காத்திருப்பேன், அவன் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது.

அந்தச் சமயத்தில் தொடங்கிய ஆட்டம்தான் கடைசி ஆட்டம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற ஆட்டத்தை நாங்கள் வாரா வாரம் சேமித்து வைத்து, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மாதங்கள் போயின. காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யானைப்படை தயாராக இருந்தது. வடக்குக் கேட்டுக்கு உள்ளே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். கேட்டைத் திறந்துவிட்டால் அன்றைக்கே அவன் ஊர் முடிந்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். முடிந்துவிட்டால் புதிதாக ஒன்று தொடங்க அவனுக்குத் தெம்பு இருக்காது என்று தோன்றியது. அதனால் கேட்டைத் திறக்கவில்லை. அவனுக்குத் தெரியாதபடி வயலை உழுவதும் வீடு கட்டுவதுமாகப் பொழுதைத் தள்ளினேன். போன் ஒலிபெருக்கியில் இருக்கும். பேசுவோம். பலாப்பழம் இந்த வருடம் சின்னது என்பான். ஆலையில் புது மெஷின் வந்திருக்கிறது என்பேன். தங்கை உள்ளேயிருந்து, சோறு ஆறுகிறது என்று சத்தம் போடுவாள். என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பேசியது அந்த மாதங்களில்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் வேறு மாதிரி இல்லை. சீக்கிரமே களைத்துவிட்டான். "சேவ் பண்ணிடு மச்சான், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான். சேமித்தோம். அந்த வாரமே, மலை இறங்கும் வழியில், ஆம்புலன்ஸில், போய்விட்டான். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை.

கருமாதி முடிந்த பிறகு தங்கை கடையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஜெராக்ஸ் மெஷின் விற்றுப்போய்விட்டது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளத் திருக்கோவிலூரிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்வதாக அவர் சொன்னாராம். தங்கை இதை போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த ஆட்டம் என் மெஷினிலும் இருந்தது. சேமிக்கும்போது இரண்டிலும் பதியும். ஆனால் தனியாகத் திறக்க முடியாது. நான் முயன்று பார்த்திருந்தேன். இரண்டு பெயர்கள் வரும், ஒன்றுக்கு நேரே நான் இருப்பேன், மற்றது காலியாக இருக்கும். சேமித்தபோது இருந்த இரண்டு பேரும், அதே பெயரில், அதே விளையாட்டோடு வந்து உட்கார்ந்தால்தான் திறக்கும். காலியான அந்த வரியைப் பார்த்தபடி காத்திருந்துவிட்டு மூடிவிடுவேன். அவன் மெஷின் போய்விட்டால் அதுவும் போயிற்று. ஒரே ஒரு முறை அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று கேட்டால் அப்போது என்னால் சொல்லியிருக்க முடியாது. தங்கையிடம் கேட்கவே வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, மறுபடி எடுத்துச் சொன்னேன்.

"எனுக்கு அதெல்லாம் ஆடத் தெரியாதுண்ணா."

ஆட வேண்டாம், அவன் இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்றேன். வா என்றாள்.

டவரை நம்பிப் பயனில்லை. அதனால் என் மெஷினைப் பெட்ஷீட்டில் கட்டி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, டிவியா?"

"கம்ப்யூட்டருங்க."

"ரிப்பேரா?"

"இல்லீங்க, ஓடுது."

"ஓடுறத இன்னாத்துக்கு மலைக்குத் தூக்கிக்கினு போறீங்க?"

பக்கத்து சீட்டில் மரவள்ளி மூட்டையோடு இருந்த அம்மாள் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கடையில் மேஜையும் அவன் மெஷினும் மட்டும் மிச்சம் இருந்தன. ஜன்னலில் குவளை அப்படியே தொங்கியது, உள்ளே மழைத் தண்ணீர். தங்கை பெருக்கி வைத்திருந்தாள். அவன் மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலம் வந்து நின்றுவிட்டது. அவள் எட்டிப் பார்த்துப் படித்தாள். தேதி தெரியவில்லையாம், ஏதோ ஒரு பொத்தானை அமுக்கச் சொல்கிறதாம். உள்ளே கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டால் மெஷின் எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிடும். அமுக்கியதும் திறந்தது. மூலையில் வந்த பழைய வருடத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"அப்ப எங்களுக்குக் கல்யாணமே ஆவல."

நான் தேதியைச் சரிசெய்தேன்.

இரண்டு மெஷினையும் ஒரு கேபிளால் இணைத்தேன். ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கித் திருப்பிப் போட்டேன். தெரியவில்லை. இந்த இடத்தில் வழக்கமாக அவனுக்கு போன் போட்டிருப்பேன். அவன் முன்பு சொன்னதை நினைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே தெருவில் இருக்க வேண்டும், ஆனால் கதவு எண் வேறாக இருக்க வேண்டும். இரண்டு மெஷினிலும் எண்களைத் தேடினேன். கடைசி எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. ஒன்றை மாற்றினேன். அப்போதும் வரவில்லை. பிறகு, அந்நியரை உள்ளே விடாமல் தடுக்கிற காவல் ஒன்று அவன் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தங்கை அதைப் படித்துக் காட்டினாள், நிறுத்தினேன். ஒன்றுக்கொன்று தெரிந்தது. மதியமாகிவிட்டது. அவள் சோறு போடட்டுமா என்றாள். இரு என்றேன்.

அவனுடைய விளையாட்டு பெயர் கேட்டது. ஆரம்பிக்கும் முன் அது எப்போதும் கேட்கும். பெயரை அடி என்றேன். தங்கை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர் யாராவதுதான் சொல்ல வேண்டும். அவன் பெயர் இல்லை, மச்சான் என்று அடி என்றேன். என்னைப் பார்த்தாள்.

"அவரு பேரு மச்சானா?"

"என் பேரும் அதாம்மா."

"நல்லாருக்குது" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். அவன் போனதற்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

எப்போதும் அவன்தான் ஆட்டத்தைத் திறந்து வைப்பான், நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். அவளுக்குத் திறக்கத் தெரியாது என்பதால் அன்று நான் திறந்தேன், அவள் சேர்ந்தாள். அதில் ஒரு தவறு இருப்பது எனக்குத் தோன்றவில்லை. சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது அது பெயரைப் பார்த்துத்தான் அவரவர் ஊரைக் கொடுக்கும். எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். அதனால் யார் திறக்கிறாரோ அவருக்கு முதல் ஊரைக் கொடுத்துவிடும். முதல் ஊர் அவனுடையது.

திரை திறந்தபோது என் முன்னால் எல்லாம் சிவப்பாக இருந்தது.

மூடிவிட்டு மறுபடி திறக்கலாம் என்றுதான் முதலில் கை போனது. அதற்குள் ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒன்றையும் தொடவில்லை. அவன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வேலையை அவர்கள் தொடர்ந்து செய்தார்கள். ஒருத்தி விறகைச் சுமந்துகொண்டுபோய்ப் போட்டாள். நாலைந்து பேர் ஒரு மதிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத் தங்கை தலையைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே சமைத்தபடி அவள் கேட்டுப் பழகிய சத்தம் அது.

அந்த மதில் எங்கே போகிறது என்று பார்க்கத் திரையை நகர்த்தினேன். காட்டோரம் ஒரு பெரிய படை நின்றது. யானைகள், குதிரைகள், மதிலை உடைக்கிற கவண் வண்டிகள். ஒன்றுகூட அடிபட்டதில்லை. எல்லாம் மேற்கைப் பார்த்து வரிசையாக நின்றன. மேற்கில் இருப்பது என் ஊர். அவனைப் பார்த்த பக்கம் நான் கல் மதில் கட்டவில்லை, கல்லையெல்லாம் கோட்டைக்குச் செலவழித்துவிட்டேன். வெறும் மரவேலிதான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஆனால் வேலிக்கு எதிரே ஒரு மேட்டில் அவனுடைய குதிரைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். அங்கிருந்து என் வேலி முழுவதும் தெரிந்தது.

எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் அவன் என் ஊரை முடித்திருக்கலாம்.

அந்தப் படைக்கு முன்னால்தான் மதில் வந்துகொண்டிருந்தது. அவனுடைய படைக்கும் என் ஊருக்கும் நடுவில், தன் படையையே அடைத்து. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன். கேட் வைக்கவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் திறந்திருந்தது, அங்கேதான் ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் அடைபட்டது. வேலை முடிந்ததும் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னாத்துக்குண்ணா நிக்கிறாங்க?" தங்கை எழுந்துவந்து என் பின்னால் நின்றிருந்தாள்.

"அடுத்து இன்னா செய்யணும்னு சொல்ல ஆள் இல்ல."

நான் பார்த்ததை அவளுக்குச் சொன்னேன். நன்றாகச் சொல்ல வரவில்லை. படையைக் காட்டினேன், வேலியைக் காட்டினேன், கேட் இல்லாத மதிலைக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அங்கே என்னுடைய நீல ஊர் திறந்திருந்தது. மௌஸை அப்படியும் இப்படியும் தள்ளினாள்.

"இங்கயும் யானைங்க கேட்டுக்கு உள்ளாற சும்மாதான் நிக்குது. இது உன்னுதா?"

"ஆமாம்மா."

"நீயும் வுடலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இத்தினி மாசமா ரெண்டு பேரும் அப்ப இன்னாதான் பண்ணீங்க?"

"பேசிக்கினு இருந்தோம்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். அவன் முன்னால் நான் அழுததில்லை, அவன் ஆட்கள் முன்னாலும் அழ வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நோயாளிக்கு நான் இரக்கம் காட்டுகிறேன் என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பெருமை எனக்குள் இருந்தது. அவன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால், ஒவ்வொரு கல்லாக, எனக்காக மதில் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஆலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அப்போது ஆட்டம் நின்றது. இரண்டு திரையிலும் ஆங்கிலப் பெட்டி. என் கை தானாகவே சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து எழுத்துக்களை வரைய ஆரம்பித்தது. நாலைந்து எழுத்து வரைந்த பிறகுதான் யாருக்குப் படித்துக் காட்டப்போகிறேன் என்று தோன்றியது. தங்கை திரையைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தாள்.

"ரெண்டு பேரு ஆட்டமும் வேற வேற ஆயிட்ச்சாம். இதுக்கு மேல சேந்து ஆட முடியாதாம்."

பழைய கோளாறுதான். எனக்கு அதற்கு வைத்தியம் தெரியும். அவன் மெஷினிலிருந்து கோப்புகளை என்னுடையதில் ஏற்றி இரண்டையும் ஒன்றாக்கினால் போதும், மறுபடி திறக்கலாம். பென் டிரைவைக் கையில் எடுத்தேன்.

"மறுபடி தொறந்தா எங்கேந்து வரும்?" என்று கேட்டாள்.

"அந்தக் கடைசி எடத்துலேந்துதான். அவங்க அத அடைக்கிறதுக்கு முன்னாடி."

"மறுபடியும் கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க."

"வேணாண்ணா. ஒரு தபா கட்டி முடிச்சிட்டாரு. வுடு."

பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் சோறு போட்டாள். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். கிளம்பும்போது ஜன்னல் குவளையிலிருந்த தண்ணீரை அவள் வெளியே கொட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் மாட்டினாள். ஏன் மாட்டினாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் திருக்கோவிலூர்க்காரர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனதாக போனில் சொன்னாள். நல்ல மனிதராம், காபி குடித்துவிட்டுப் போனாராம்.

தங்கை இப்போதும் மலையில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை. கீழே வந்துவிடு என்று கூப்பிட்டேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்கிறாள். இருவருக்குமே பேசத் தெரியாது. குளிர் எப்படி இருக்கிறது என்பேன். இருக்குது என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவோம்.

இன்றைக்கு வைப்பதற்கு முன் கேட்டாள்:

"அந்த யானைங்க இன்னும் நிக்குதாண்ணா?"

என் மெஷினில் அந்த ஆட்டம் அப்படியே இருக்கிறது. திறக்க இரண்டு பேர் வேண்டும். திறக்காதவரை உள்ளே ஒன்றும் மாறாது.

"நிக்குதும்மா" என்றேன். "ரெண்டு பக்கமும்."

சரி என்று வைத்துவிட்டாள். நான் காலண்டரில் இன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இதைத் தொடங்கினேன். இடம் போதாமல் பழைய தாள்களையும் எடுத்துக்கொண்டேன். இன்றைய தாளில் போட்டிருப்பது:

கார்த்திகை 21, ஞாயிற்றுக்கிழமை.